கூரை ஏறாமல் புகைபோக்கி சுத்தம்: ட்ரில்லில் மாட்டும் சுழல் பிரஷ் எப்படி?

கூரையெல்லாம் பனி உறைந்து வழுக்கும் நேரத்தில் "மேலே ஏறி ஒரு பிரஷ் விட்டால் போச்சு" என்று சொல்கிறவர்கள், ஒரு தடவையாவது அந்த ஏணியில் கால் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். புகைபோக்கி சுத்தம் என்றாலே எல்லாரும் குளிர் தொடங்குமுன் செய்வதைத்தான் பேசுகிறார்கள். அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் வீட்டுச் சூட்டுக்கு விறகு ஸ்டவ்வையே நம்பி, காலையும் இரவும் எரிக்கிறவர்களுக்குக் குளிர் பாதி கடக்கும்போதே குழாய்க்குள் கரி ஏறிவிடும். அந்த நடுச்சீசன் வேலைக்காகத்தான் இந்தச் சுழல் பிரஷ் செட்டை வாங்கினேன். கீழே ஸ்டவ் வாய் வழியாகவே உள்ளே விட்டு, ட்ரில்லில் மாட்டிச் சுழற்றுகிற வகை. ஒரே மாதிரி சாமான் பல பெயர்களில் விற்கிறது. அதனால் பெயரை விட்டுவிட்டு, இந்த வகையைப் பற்றியே சொல்கிறேன்.

பெட்டிக்குள் வருவது இவ்வளவுதான்: ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தில் வளையக்கூடிய நைலான் ராடுகள் சில, தலைப்பகுதி ஒன்று, அதில் செருக தடித்த நைலான் நரம்புகள், ட்ரில்லில் பிடிக்க அறுகோணத் தண்டு, ஸ்டவ் வாயை மூட ஒரு பிளாஸ்டிக் ஷீட். தலைப்பகுதியைப் பார்த்தால் "இதுவா கரியைச் சுரண்டப் போகிறது?" என்றுதான் தோன்றும். புல் வெட்டும் மெஷினில் வரும் அதே மாதிரி நரம்புதான். சுழலும்போதுதான் அதன் குணம் தெரிகிறது. நரம்புகள் விரிந்து குழாயின் சுவரில் வட்டமாக அடித்துக்கொண்டே போகின்றன. புகைபோக்கிக்குள் இறக்கியிருக்கும் துருப்பிடிக்காத எஃகு உள்குழாய்க்கு இது நல்லது, கீறல் விழாது. சாதாரண இரும்புக் கம்பி பிரஷை அந்தக் குழாயில் விடவே கூடாது. கம்பித் துகள் சுவரில் ஒட்டி அங்கேயே துருப்பிடிக்கத் தொடங்கும்.

வாங்கும்போது நான் முக்கியமாகப் பார்த்தது ராடுகள் ஒன்றோடொன்று சேரும் இடம். திருகிச் சேர்க்கும் மரை வகையும் உண்டு, பட்டன் தெறித்துப் பூட்டும் வகையும் உண்டு. மரை வகையில் ட்ரில்லைத் தப்பித் தவறி எதிர்த்திசையில் ஓட்டினால் ராடு கழன்றுவிடும். தலை மேலே குழாய்க்குள் மாட்டிக்கொள்ளும், நீங்கள் கீழே வெறும் கோலோடு நிற்பீர்கள். பட்டன் வகையில் அந்தப் பயம் இல்லை. சேர்க்கும்போது "டக்" என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை மாட்டுகிறேன்.

எப்போது சுத்தம் செய்ய வேண்டும் என்பதற்கு நாள் கணக்கு சொல்ல முடியாது. ஸ்டவ்வே சொல்லும். கதவைத் திறந்ததும் புகை அறைக்குள் வழிகிறதா? கண்ணாடி முன்பைவிடச் சீக்கிரம் கறுக்கிறதா? காற்றுத் திறப்பை முழுதும் திறந்தும் தீ சோம்பலாக எரிகிறதா? இதெல்லாம் இழுவை, அதாவது புகையை மேலே இழுத்துப் போகும் காற்றோட்டம், குறைவதன் அறிகுறி. துறைக்காரர்கள் வைத்திருக்கும் அளவுகோல் இன்னும் எளிது: உள்சுவரில் 3 மில்லிமீட்டர் கனத்துக்குக் கரி படிந்தால் சுத்தம் செய்தாக வேண்டும். ஸ்டவ்வுக்கு மேலுள்ள குழாயில் திறப்பு இருந்தால் டார்ச் அடித்துப் பார்த்தாலே புரியும்.

அந்தப் படிவு எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் இந்தச் சாமான் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது விளங்கும். விறகுப் புகையில் நீராவியும் எரியாமல் தப்பிய தார் போன்ற ஆவிகளும் சேர்ந்து போகின்றன. குழாயின் உள்பகுதி ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் இவை சுவரில் படிந்துவிடும். இதைத்தான் க்ரியோசோட் என்கிறார்கள். முதல் நிலையில் அது தூசு மாதிரிப் பொடி. இரண்டாவது நிலையில் பொரபொரவென்று நொறுங்கும் கறுப்புச் செதில். மூன்றாவது நிலையில் கண்ணாடி பூசினாற்போலப் பளபளக்கும் கெட்டித் தார். முதல் நிலையை இந்தப் பிரஷ் ஊதித் தள்ளிவிடுகிறது. இரண்டாவதில் பெரும்பகுதியை அடித்து உதிர்க்கிறது, கொஞ்சம் நேரம் எடுக்கும். மூன்றாவதை இது தொடக்கூட முடியாது. நரம்பு வழுக்கிக்கொண்டு போகும். அதற்குச் சங்கிலி மாட்டிய தலையும் ரசாயனப் பூச்சும் வைத்திருக்கும் தொழில்காரர்தான் வர வேண்டும். அதுவரை அந்த ஸ்டவ்வைப் பற்றவைக்கவே கூடாது. குழாய்க்குள் தார் தீப்பிடித்தால் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும், உள்குழாய் அதற்குத் தாங்காமல் போகலாம்.

ஆக, இது நோய் முற்றிய பிறகு தேடும் சாமான் இல்லை. வாங்குகிறவர்கள் பாதிப்பேர் அதை எதிர்பார்த்து வாங்கிவிட்டுப் பிறகு திட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

செய்முறைக்கு வருவோம். பிரஷை விடுவதைவிட அதற்கு முந்தைய ஏற்பாடுதான் நேரம் பிடிக்கிறது. முதலில் ஸ்டவ் முழுசாக ஆறியிருக்க வேண்டும். "சாம்பல்தானே" என்று கையை விட்டால், அடியில் கங்கு ஒளிந்திருக்கும். முந்தைய நாள் இரவே அணையவிட்டு, அடுத்த நாள் மத்தியானம் வரை தொடாமல் இருப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு வீட்டுக்குள் எல்லாரும் ஸ்வெட்டரோடு சுற்ற வேண்டியதுதான். அதனால் குளிர் கொஞ்சம் தணிந்த, காற்று அடிக்காத நாளாகப் பார்த்து வைத்துக்கொள்கிறோம்.

அடுத்தது தடுப்புப் பலகை. ஸ்டவ்வின் உள்கூரையில், தீக்கு மேலே படுத்திருக்கும் பலகை. இதைக் கழற்றாமல் பிரஷ் விட்டால், உதிர்கிற கரியெல்லாம் அதன் முதுகில் போய் உட்கார்ந்துகொண்டு புகை போகும் வழியையே அடைத்துவிடும். சுத்தம் செய்த பிறகு இழுவை மோசமாகிவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு விஷயம் இங்கேதான் இருக்கும். எங்கள் ஸ்டவ்வில் அது வெர்மிகுலைட் என்ற, சூடு தாங்கும் லேசான கனிமத்தால் செய்த பலகை. மெத்தென்று இருக்கும், சற்றே முரட்டுத்தனமாகத் திருகினால் விரிசல் விட்டுவிடும். ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்தி, மறுபக்கத்தைச் சரித்து இறக்க வேண்டும். சில ஸ்டவ்களில் பலகைக்கு மேலே செராமிக் கம்பளமும் விரித்திருப்பார்கள். அது கிழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நடுக்குளிரில் மட்டும் வரும் ஒரு சிக்கல். ஸ்டவ் ஆறிவிட்டால் புகைபோக்கியும் குளிர்ந்துவிடும். உள்ளே நிற்கும் கனத்த குளிர்காற்று மேலே போகாமல் கீழே அறைக்குள் இறங்கும். இழுவை தலைகீழாகிவிடுகிறது. இந்த நிலையில் பிரஷை ஓட்டினால் அத்தனை பொடியும் உங்கள் சோபாவுக்குத்தான். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். ஃபேனையெல்லாம் அணைத்துவிட்டு, ஸ்டவ் இருக்கும் அறையிலேயே ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அணைத்த தீக்குச்சியை ஸ்டவ் வாயில் காட்டுங்கள், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் போதும்.

செட்டோடு வரும் பிளாஸ்டிக் ஷீட் இந்தச் சாமானின் பெரிய குறை. நடுவில் ராடு நுழைய ஓட்டை போட்டிருக்கிறார்கள், யோசனை நல்ல யோசனை. ஆனால் ஓட்டை ராடைவிட ரொம்பப் பெரிது, ஓரத்தில் கொடுத்திருக்கும் ஒட்டும் பட்டை கரி படிந்த இரும்பில் நிற்கவே இல்லை. நான் ஈரத்துணியால் ஸ்டவ்வின் முகப்பைத் துடைத்து, காயவிட்டு, பெயின்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் டேப்பால் தடித்த பிளாஸ்டிக்கை ஒட்டினேன். ராடு நுழைய ஒரு சின்னக் கூட்டல் குறி வெட்டு மட்டும். அதன் பக்கத்தில் இன்னொரு வெட்டில் வேக்குவம் குழாயின் வாய்.

வேக்குவம் என்றதும் வீட்டில் இருப்பதை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். புகைக்கரி அவ்வளவு நுணுக்கம். சாதாரண பில்டரில் நுழைந்து பின்பக்கம் வழியாக வெளியே வந்துவிடும். மிக நுண்ணிய தூசையும் பிடிக்கும் ஹெப்பா பில்டர் உள்ள மெஷின் வேண்டும். மூக்குக்கும் நல்ல மாஸ்க் கட்டாயம். 1775-லேயே பெர்சிவல் பாட் என்ற லண்டன் அறுவை மருத்துவர், புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழிலாளிகளுக்கு வந்த ஒருவகைப் புற்றுநோய்க்குப் புகைக்கரிதான் காரணம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அந்தத் தொழிலில் படும் புகைக்கரியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. செட்டோடு வந்த குறிப்புத்தாளில் மாஸ்க் பற்றி ஒரே ஒரு குட்டிப் படம். இதற்கே இரண்டு மதிப்பெண் குறைக்கலாம்.

நரம்புகள் தேவைக்கு மேல் நீளமாகத்தான் வரும். குழாயின் விட்டத்தைவிடச் சற்றே அதிகமாக இருக்கும்படி வெட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் குழாய் 150 மில்லிமீட்டர். ரொம்ப நீளமாக விட்டால் சுழலாமல் மடங்கிக்கொண்டு ட்ரில் திணறும், குட்டையாக வெட்டினால் சுவரைத் தொடாது. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவது உத்தமம். தலையில் நரம்புகளைப் பிடித்து வைக்கும் திருகை இறுக்கிவிட்டுத் தொடங்குங்கள். ஓட ஓட அது தளர்கிறது.

பிறகு முதல் ராடு. தலை குழாய்க்குள் முழுதாகப் போன பிறகுதான் ட்ரில்லைத் தொட வேண்டும். வெளியே சுழன்றால் நரம்பு சாட்டையாகி விளாசும். ட்ரில்லைக் குறைந்த கியரில் வைத்து, கையளவு மேலே, கொஞ்சம் கீழே, மறுபடி மேலே என்று ஏற்ற வேண்டும். இடையில் எங்கேயும் ட்ரில்லை வைத்துக்கொண்டு அழுத்தக் கூடாது. ராடு உள்ளே வில்லாக வளைந்து சுவரில் உரசிச் சூடேறும்.

சத்தத்தைக் கவனியுங்கள், இதில் அதுதான் கண். தொடக்கத்தில் நரம்பு கரியில் படும்போது மொத்தையாக, போர்வையை அடிக்கிற மாதிரிக் கேட்கிறது. கூடவே சரசரவென்று பொடி இறங்கும் ஓசை. கரி உதிர உதிர ஓசை மாறி, தகரத்தில் தட்டுவதுபோலச் சுத்தமாக ஒலிக்கும். நான் ட்ரில்லோடு மண்டியிட்டு உட்கார்ந்திருக்க, என் கணவர் ஷீட்டையும் வேக்குவத்தையும் பிடித்துக்கொண்டு குழாயில் காதை வைத்துக்கொண்டார். "ஏம்மா, இந்த இடத்துல இன்னும் மந்தமா கேக்குது, இன்னொரு தடவ விடு" என்றார். "நீங்க முதல்ல அந்த ஷீட்ட விடாம பிடிங்க, மூலை கழண்டுடுச்சு பாருங்க" என்றேன். அவர் சொன்ன இடம் குழாய் வீட்டுக் கூரையைத் தாண்டி வெளியே போகும் பகுதிக்குச் சற்று மேலே. அங்கேதான் குளிர் தாக்கி ஆவி படியும். படிவு பெரும்பாலும் மேல்பகுதியில்தான் கனமாக இருக்கும் என்பது காதுக்கே தெரிந்தது.

எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை முன்பே அளந்து, ராடில் டேப்பால் அடையாளம் ஒட்டிக்கொள்வது அவசியம். உச்சியில் இருக்கும் மூடியை முழு வேகத்தில் அடித்தால் அதன் வலை நெளிந்துவிடும். இந்த வலை ஒரு தனிக் கதை. தீப்பொறி வெளியே பறக்காமல் இருக்க வைக்கிறார்கள். நடுச்சீசனில் இழுவை குறைந்தால், சில நேரம் குழாய் ஓரளவு சுத்தமாகவே இருக்கும், வலைதான் அடைத்திருக்கும். முதலில் தரையில் நின்று பைனாகுலரில் பாருங்கள். ஓட்டைகள் தெரியாமல் கறுப்பாகப் பஞ்சு கட்டியிருந்தால் கோளாறு அங்கேதான். காய்ந்த பொடியாக இருந்தால் தலையை மெதுவாகச் சுழற்றினாலே கொஞ்சம் உதிர்ந்துவிடுகிறது. பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தால் இந்தப் பிரஷ் கையை விரித்துவிடும், யாராவது பாதுகாப்பாக மேலே போய்த்தான் ஆக வேண்டும்.

வளைவுகள் பற்றி: 45 டிகிரி வளைவு இரண்டு இருந்தாலும் ராடு ஏறிவிடுகிறது. 90 டிகிரி முழங்கையில் திணறுகிறது. அப்படி இருப்பவர்கள் ஸ்டவ்வுக்குப் பின்னாலுள்ள குழாயைக் கழற்றியோ, வெளியே ஆங்கில ‘T’ வடிவ இணைப்பின் அடிமூடியைத் திறந்தோ அங்கிருந்து விடுவது நல்லது. இன்னொரு சின்ன விஷயம், ராடுகளைக் குளிர்ந்த ஷெட்டில் வைத்திருந்து நேராக எடுத்துவந்தால் விறைத்துக்கொண்டு வளைய மறுக்கும். முந்தைய நாளே வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டுவிடுங்கள்.

கீழே விழுந்த பொடியை அள்ளிக் கொட்டிவிடாமல் ஒரு நிமிடம் பாருங்கள். பழுப்பு கலந்த மங்கலான பொடி என்றால் நன்றாகக் காய்ந்த விறகை நல்ல காற்றோட்டத்தில் எரிக்கிறீர்கள். பளபளக்கும் செதில்கள் நிறைய இருந்தால் விறகு ஈரமாக இருக்கிறது, இல்லையென்றால் இரவில் காற்றுத் திறப்பை அடைத்துத் தீயைப் புகையவிடுகிறீர்கள். எங்கள் வாளியில் பெரும்பகுதி பொடிதான், நடுவில் கொஞ்சம் செதிலும் மின்னியது. மழையில் நனைந்த அடுக்கிலிருந்து எடுத்த விறகின் வேலை அது. ஈரமானியை விறகின் வெளிப்பக்கத்தில் குத்திப் பயனில்லை. கட்டையைப் பிளந்து புதிய முகத்தில் குத்த வேண்டும், 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஸ்டவ்வில் வைக்கலாம். இந்தச் செட் எனக்குத் தந்த பெரிய லாபம் இந்த வாளிதான். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை தொழில்காரர் வந்து அள்ளிக்கொண்டு போவார், நடுவில் என்ன எரித்தோம் எப்படி எரித்தோம் என்று ஒன்றும் தெரியாது.

மற்ற வழிகளோடு வைத்துப் பார்த்தால்: தீயில் போடும் பொடிகளும் கட்டைகளும் விற்கிறார்கள். அவற்றிலுள்ள உப்புகள் பிசுபிசுப்பைக் காயவைத்து நொறுங்கும்படி செய்கின்றன, அவ்வளவுதான். நொறுங்கியது எங்கேயாவது விழ வேண்டும். அது தடுப்புப் பலகையின் மேல் விழுந்து அடைத்துக்கொள்ளும், ஆகவே அதற்குப் பிறகும் பிரஷ் விட்டே ஆக வேண்டும். பழைய மாதிரி, சுழலாத கம்பி ராடு பிரஷைக் கீழிருந்து தள்ளுவது எஃகுக் குழாயில் கைவலி. உள்ளே களிமண் ஓடு பதித்துக் கட்டிய சதுரப் புகைபோக்கிக்கு அதுதான் இன்னமும் சரியான ஆயுதம், ஏனென்றால் சதுர மூலைகளில் நைலான் நரம்பு சரியாகப் படாது.

தொழில்காரரின் இடத்தை இது பிடிக்காது. அவர் கேமரா விட்டுப் பார்த்து, இணைப்பில் விரிசல், அரித்துப்போன உள்குழாய், மூடியின் தளர்ச்சி என்று நமக்குக் கண்ணில் படாததைச் சொல்வார். சில காப்பீட்டு நிறுவனங்கள் அவர் எழுதித் தரும் சீட்டையும் கேட்கும். வருஷாந்தரச் சோதனையை நாங்கள் விடவில்லை, விடவும் மாட்டோம்.

வேலை முடிந்ததும் தடுப்புப் பலகையைத் திருப்பி வைத்து, அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். முதல் தீயைச் சின்னதாகப் போடுங்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வேலை செய்கிறதா என்று அன்றைக்கே ஒரு பட்டன் அழுத்திப் பார்த்துவிடலாம். பொடியையும் சாம்பலையும் மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, மரத்தரையில் வைக்காமல் வெளியே, சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

எங்களுக்கு இழுவை நன்றாகத் திரும்பிவிட்டது. கதவைத் திறந்தால் புகை உள்ளே வருவதில்லை, கண்ணாடியும் சீக்கிரம் கறுக்கவில்லை. ஆனால் நரம்புகள் தேய்ந்து நுனி பிளந்துவிட்டன. மாற்று நரம்பு தனியாகக் கிடைக்குமா, தடிமன் என்ன என்று பெட்டியில் எங்கேயும் போடவில்லை. புல் வெட்டும் மெஷினுக்கு விற்கும் தடித்த நரம்பு ஒன்றை அளந்து வாங்கிச் செருகியிருக்கிறேன், கச்சிதமாகப் பொருந்துகிறது. நீங்கள் வாங்குவதாக இருந்தால் பட்டன் பூட்டு உள்ளதா, மாற்று நரம்பு விற்கிறார்களா என்ற இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஷீட்டை எந்த நிறுவனம் கொடுத்தாலும் நம்ப வேண்டாம், டேப்பைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.